நோய் குற்றமன்று, மறைப்பே குற்றம்!

மதுரையை ஆண்ட பாண்டியன் ஒருவனுக்குச் சுரம் கண்டது என்று பெரியபுராணம் கூறுகிறது. கூன் பாண்டியன் என்பது ஊர் வழங்கிய பெயர். நின்றசீர் நெடுமாறன் என்பது அடியார்கள் வழங்கிய பெயர். வெப்பு நோயால் துடித்த மன்னனின் உடலில் ஒரு பக்கத்தைச் சமணர்கள் மந்திரத்தாலும் மயிற்பீலியாலும் தணிக்க முயன்று தோற்றனராம். மறு பக்கத்தைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தணித்து வென்றாராம். அடுத்து அனல் வாதம். அதனையடுத்துப் புனல் வாதம். முடிவில் எண்ணாயிரம் சமணர் கழுவில் ஏறினராம்!

இது நடந்ததா, நடக்கவில்லையா என்பதை ஆராய்ச்சியாளர்கள் வழக்காடித் தீர்க்கட்டும். இந்தக் கதையை நம்பியவர்கள் எதை நம்பினார்கள் என்பதே நமக்கு வேண்டுவது. ஒருவன் உடல் கொதித்தது. ஒரு நாட்டின் சமயம் மாறியது. காய்ச்சல் கண்டவன் உழவனாக இருந்திருந்தால் கஞ்சியும் கசாயமும் போதும். காய்ச்சல் கண்டவன் காவலனாக இருந்ததால் கழுமரம் நட்டார்கள்! மன்னனுக்கு என்ன நோய், என்ன மருந்து, இனி அவன் ஆளத்தக்க நிலையில் உள்ளானா என்று கேட்ட குடிமகன் ஒருவனாவது அந்தக் கதையில் உண்டா? இல்லை. கேட்கலாம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை.

எழாதது வியப்பன்று. உண்ணும் சோறும் பருகும் நீரும் அல்ல, வேந்தனே உலகுக்கு உயிர் என்ற கருத்தைப் புறநானூற்றிலேயே மோசிகீரனார் பாடிவிட்டார். உயிராக எண்ணப்பட்டவன் நோயுற்றான் என்று சொல்லலாமா? சொன்னால் குடிகள் கலங்குவர். பகைவன் படை திரட்டுவான். பங்காளி அரியணையைப் பார்ப்பான். ஆகவே அந்தப்புரத்தின் கதவு அடைபடும். மருத்துவன் வாய் மூடுவான். அமைச்சன், ‘வேந்தர் நலம்’ என்று முரசறைவிப்பான். முடியாட்சியின் இலக்கணம் அது; அந்த நாளுக்கு அது பொருத்தம்.

முடியாட்சி போயிற்று. முடியாட்சிக் காலத்து மனமும் உடன் போயிற்றா என்பதே கேள்வி.

எழுபத்தைந்து நாள்

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, தமிழ்நாட்டின் முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், உடலில் நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. வழக்கமான உணவை உட்கொள்கிறார் என்றது அடுத்தது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 27 அன்று, காவிரிச் சிக்கல் குறித்து மருத்துவமனையிலிருந்தபடியே அதிகாரிகளோடு ஆலோசனை நடத்தினார் என்று அரசு செய்தி வெளியிட்டது. பின்னர், இலண்டனிலிருந்து மருத்துவர் ரிச்சர்டு பீல் வந்தார். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்தனர். மூச்சுக்குத் துணைக்கருவி என்ற சொல் அறிக்கையில் நுழைந்தது. காய்ச்சலுக்கா இத்தனை ஏற்பாடு என்று கேட்டது நாடு. விடை வரவில்லை, வழக்கு வந்தது! முதல்வர் உடல்நிலை பற்றி வதந்தி பரப்பினார்கள் என்று பலர் மேல் காவல் துறை வழக்குப் பதிந்தது, சிலர் கைதாயினர். உண்மையை அடைத்து வைத்தவர்கள், அந்த வெற்றிடத்தில் முளைத்த வதந்தியைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள்!

அக்டோபர் 11 அன்று முதல்வரின் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டன. முதல்வரின் ஆலோசனைப்படியே இது செய்யப்படுவதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. அவரைக் கண்ணால் கண்டு பேசினேன் என்று நாட்டுக்குச் சொல்ல ஓர் அமைச்சர் உண்டா என்றால், மருத்துவர்களைக் கண்டோம் என்றவர்களே மிகுதி.

அக்டோபர் இறுதியில் இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவங்களில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் அவரது பெருவிரல் ரேகை இருந்தது. எழுத்தறிவிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் படிவத்தின் செய்தி ஊசியாய்த் தைத்தது. பல மொழிகளில் தங்குதடையின்றிப் பேசவும் எழுதவும் வல்லவர் அவர். அவர் கைநாட்டு வைத்தார் என்றால், கை எழுதும் நிலையில் இல்லை என்பது பொருள். அந்நிலையிலுள்ளவர் படிவத்தின் செய்தியை அறிந்து ஒப்பினாரா என்று கேட்பது அவமதிப்பா, குடிமகனின் கடமையா? திருப்பரங்குன்றம் தேர்தல் வழக்கில் அந்தக் கைரேகையை ஏற்க இயலாது எனக் கண்டு, 2019ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது. ஆனால் அதற்குள் வென்றவரும் மறைந்துவிட்டார். விரல் பதித்தவரும் மறைந்துவிட்டார். தீர்ப்பு மட்டும் மிஞ்சியது.

டிசம்பர் 5ஆம் நாள் இரவு அம்மையார் மறைந்தார். எழுபத்தைந்து நாள்! அத்தனை நாளும் வெளியான அரசுச் செய்திக் குறிப்புகளின் தலையில் இருந்தது அரசின் இலச்சினை. அதிலுள்ள கோபுரம் எங்கள் திருவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று ஊரார் பெருமை பேசுவர். மதுரையின் மேலைக் கோபுரம் என்று மறுப்போரும் உண்டு. இலச்சினை உருவானது 1949இல். எங்களுக்கு அடுத்த ஊரான இராசபாளையத்துக் குமாரசாமி ராஜா ஆட்சிப் பொறுப்பேற்ற ஆண்டும் அதுவே. கோபுரம் எந்த ஊருடையதாயினும் ஆகுக. அதன் அடியில் இருந்த வடமொழித் தொடர் அண்ணாவின் ஆட்சியில் நீங்கி, ‘வாய்மையே வெல்லும்’ என்ற தமிழ்த் தொடர் ஏறியது. அந்தத் தொடரைத் தாங்கிய தாளில் எழுபத்தைந்து நாளும் வாய்மை எத்தனை நாள் இருந்தது?

இதற்கு விடை சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அடுத்த ஆண்டு செப்டம்பரில், மதுரைப் பொதுக்கூட்டத்தில், அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசனே எழுந்து, அம்மையார் இட்டிலி உண்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்ற கருத்துப்படப் பேசினார். அதே மாதம் நீதிபதி ஆறுமுகசாமி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. உச்சநீதிமன்றத்தின் தடையால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடங்கி, 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சிகிச்சை முறையாகவே நடந்தது என்றது எய்ம்ஸ் மருத்துவர் குழு. அம்மையாரைச் சூழ்ந்திருந்தோர் சிலர் மேல் மேலும் விசாரணை வேண்டும் என்றது ஆணையம். மருத்துவர் ஒன்று சொல்ல, ஆணையம் ஒன்று சொல்ல, மக்கள் மனத்திலோ ஐயம் அப்படியே நின்றது.

இத்தனைக்கும் மறைக்கப்பட்ட நோய்தான் யாது? 2017 மார்ச்சில் வெளியிடப்பட்ட மருத்துவத் தாள்களின்படி, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டுக் குறை, அவற்றோடு வந்து சேர்ந்த கடுந்தொற்று. சர்க்கரை நோய் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? மளிகைக் கடைக்காரர் மாத்திரை விழுங்குவதை மறைப்பதில்லை. தறி நெய்பவர் மறைப்பதில்லை. கோட்டையில் இருப்பவருக்கு வந்தால் மட்டும் அது அரசு இரகசியம் ஆவானேன்? அவரை மனிதராக வைத்திருந்தால் நோயைச் சொல்லியிருக்கலாம். தெய்வமாக்கிவிட்டார்கள், தெய்வத்துக்குச் சர்க்கரை நோய் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளை மாளிகையின் மருந்துப் பெட்டி

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணி நாணவேண்டா. நாகரிகத்தின் உச்சி என்று தன்னைக் கூறிக்கொள்ளும் அமெரிக்காவிலும் அந்தப்புரக் கதவு அடைபட்டதுண்டு.

1960இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற ஜான் கென்னடிக்கு வயது 43. தேர்தல் வாயிலாக அப்பதவிக்கு வந்தவர்களில் மிக இளையவர். கடற்காற்றில் பறக்கும் முடி, பாய்மரப் படகு, பளிச்சிடும் சிரிப்பு. இளமையின் இலக்கணமே அவர் என்று ஏடுகள் எழுதின. அந்த இளமையின் உள்ளே இருந்தது வேறு. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அவருக்குச் செயலற்றிருந்தது. அடிசன் நோய் எனப்படும் இதனை 1947இலேயே இலண்டனில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1954இல் முதுகெலும்பில் அறுவை செய்தபோது உயிர் ஊசலாடியது. பாதிரியார் வந்து இறுதிச் சடங்கும் செய்துவிட்டார். மறு ஆண்டு மருத்துவ ஏடு ஒன்றில் ‘37 வயது ஆண்’ ஒருவரின் அறுவை பற்றிய கட்டுரை வந்தது. பெயரில்லாத அந்த ஆண் கென்னடியே!

1960இல் கட்சிக்குள் போட்டியிட்டவர்கள் இந்த நோயை அம்பலத்தில் வைத்தனர். கென்னடி தரப்பு மறுத்த விதம் சொல்விளையாட்டின் உச்சம். காசநோய்க் கிருமியால் அட்ரீனல் அழிவதே பழைய மருத்துவ நூல்கள் கூறும் அடிசன் நோய். அந்த நோய் அவருக்கு இல்லை என்றனர். காசநோயால் வரவில்லை என்பது மெய். சுரப்பி வேலை செய்யவில்லை என்பதும் மெய். முதல் மெய்யைச் சொல்லி இரண்டாம் மெய்யைப் புதைத்தனர். ஆறு கோடிக்கு மேற்பட்டோர் வாக்களித்த அந்தத் தேர்தலில் வெற்றி வேறுபாடு 1,20,000க்கும் குறைவு. நோய் தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.

வெள்ளை மாளிகையில் அவர் உடலோடு ஒரு மருந்துக் கடையே குடியிருந்தது எனலாம். சுரப்பி சுரக்காததை ஈடு செய்யக் கார்டிசோன் வகை மருந்துகள், தைராய்டு மருந்து, குடல் நோய்க்கு மருந்து, தொற்றுக்குப் பெனிசிலின், முதுகு வலிக்கு ஜேனட் டிராவெல் என்ற மருத்துவர் போட்ட மரப்பூசி, வலிதணிப்பு மருந்துகள், உறக்கத்துக்கு மாத்திரை, படபடப்புக்கு மாத்திரை. இவை போதாவென்று, மேக்ஸ் ஜேக்கப்சன் என்ற நியூயார்க் மருத்துவர் ஊக்க மருந்து கலந்த ஊசியைப் போட்டு வந்தார். 1961 சூனில் வியன்னாவில் சோவியத் தலைவர் குருசேவைச் சந்திக்கச் சென்றபோதும் அந்த மருத்துவர் உடன் சென்றார். அணுகுண்டுகளை அடுக்கி வைத்திருந்த இரு வல்லரசுகளின் தலைவர்கள் எதிரெதிரே அமர்ந்தபோது, ஒருவர் உடலில் ஓடிய மருந்து எதுவென்று அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்குத் தெரியாது! ஜேக்கப்சனின் மருத்துவ உரிமம் 1975இல் பறிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1963 நவம்பர் 22இல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மருத்துவக் குறிப்புகளை நண்பர் குழு ஒன்று பூட்டி வைத்திருந்தது. 2002இல் தான் வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக் அவற்றைப் பார்க்க முடிந்தது. நாற்பது ஆண்டு!

நடுநிலையோடு ஒன்று கூற வேண்டும். கியூபா நெருக்கடி மூண்ட 1962 அக்டோபரில் கென்னடி தெளிவோடும் பொறுமையோடும் நடந்துகொண்டார், மருந்துகள் அவர் அறிவை மழுக்கியதாகச் சான்றில்லை என்பதே டாலெக்கின் முடிவு. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிய துணிவும் பாராட்டத்தக்கதே. அப்படியாயின் கேடு என்ன என்று கேட்கலாம். கேடு வரவில்லை என்பது நல்வாய்ப்பு. வரவே வராது என்ற உறுதியை மக்களுக்குத் தந்தவர் யார்? கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தவன் பிழைத்தான் என்பதற்காகக் கண்ணைக் கட்டிக்கொள்வது நல்ல வழக்கமாகிவிடுமா?

பிரான்சு நாட்டின் மித்தரான் கதை இதனினும் கசப்பானது. ஆண்டுக்கு இருமுறை என் உடல்நிலையை நாட்டுக்கு அறிவிப்பேன் என்று தாமே வாக்களித்து 1981இல் பதவி ஏற்றார். அதே ஆண்டு நவம்பரில் புற்றுநோய் கண்டது. அறிக்கைகள் தவறாமல் வந்தன. புற்றுநோய் மட்டும் பல ஆண்டுகள் அவற்றில் வரவில்லை. அறிக்கை வந்தால் போதாது, அதில் உண்மை வரவேண்டும் என்பதற்கு அவர் சான்று. நம் துணைக்கண்டத்திலோ, ஜின்னாவின் நுரையீரலைத் தின்ற காசநோயைப் பம்பாய் மருத்துவர் ஜால் பட்டேல் அறிந்திருந்தார். நாட்டைப் பிரிக்கும் பேச்சில் அமர்ந்தவர்கள் அறியவில்லை. 1948 செப்டம்பர் 11இல் ஜின்னா மறைந்தார். புது நாட்டுக்கு அப்போது வயது பதின்மூன்று திங்கள்.

புரூக்ளினும் ஆண்டிபட்டியும்

நோயைச் சொன்னால் மக்கள் கைவிட்டுவிடுவர் என்ற அச்சமே இந்த மறைப்புக்கெல்லாம் வேர். அந்த அச்சம் மெய்யானதா? தமிழ்நாட்டு வரலாறே விடை கூறுகிறது.

1984 அக்டோபர் 5ஆம் நாள் முதல்வர் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதமும் தாக்கியது. நவம்பர் 5 அன்று தனி விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பர் 19இல் அண்ணன் மகளின் சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. ஐந்து நாள் கழித்துத் தேர்தல்! எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைக்கு அப்பால், வருசநாட்டை அடுத்த ஆண்டிபட்டித் தொகுதியில் அவர் வேட்பாளர். தொகுதியில் காலடி வைக்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து உண்பதையும் ஏடு படிப்பதையும் காட்டும் படச்சுருள் ஊர் ஊராய்த் திரையிடப்பட்டது. மக்கள் கண்டனர், கண்ணீர் விட்டனர், வாக்களித்தனர். அவரும் வென்றார், அவர் கட்சியும் வென்றது.

அந்நாளிலும் மூடத்தனத்துக்குக் குறைவில்லை. ‘ஒளிவிளக்கு’ப் படத்தின் வேண்டுதல் பாடல் திரையரங்குகளில் ஒலித்தது, மண்சோறு உண்டனர், தீக்குளித்தோரும் உண்டு. சிறுநீரகத்தைத் தந்தது ஓர் உறவுப்பெண்ணின் அன்பு. பொருத்தியது மருத்துவரின் கத்தி. புகழோ கோயிலுக்குப் போயிற்று! ஆயினும் ஒன்று தெளிவு. தலைவர் கடுமையாக நோயுற்றிருக்கிறார் என்று அறிந்த மக்கள் அவரைக் கைவிடவில்லை. முன்னிலும் இறுகப் பற்றிக்கொண்டனர். சாதகமான பகுதியை மட்டும் காட்டிய படச்சுருள்தான் அது, அரை வெளிச்சம்தான். அரை வெளிச்சமே இத்தனை அன்பைத் தந்தது என்றால், முழு வெளிச்சத்துக்கு அஞ்சுவானேன்?

அரை வெளிச்சத்தின் விலையையும் நாடு கொடுத்தது. 1985 பிப்ரவரி 10 அன்று அவர் மீண்டும் பதவியேற்றார். பேச்சு முன்போல் திரும்பவில்லை. 1987 டிசம்பர் 24இல் மறையும்வரை எந்தக் கோப்பில் எந்த முடிவு யாருடையது என்ற பேச்சு ஓயவில்லை. அன்பு ஒருவரை வெற்றிபெறச் செய்யும். ஆளும் வலிமையை அளிக்குமா? அந்தக் கேள்வியைக் கேட்கவோ, முறைப்படி விடை காணவோ அன்றும் வழி இல்லை. 2016இலும் வழி இல்லை. 2017 டிசம்பரில், இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலுக்கு முன்நாள், மருத்துவமனைப் படுக்கையில் அம்மையார் இருக்கும் படச்சுருள் வெளியிடப்பட்டது. உயிரோடிருந்தபோது மக்களுக்குக் காட்டாத முகம், மறைந்தபின் வாக்குக்காகக் காட்டப்பட்டது!

இருவர் காட்டிய வழி

வேறு வழியும் நம்மிடம் இருந்தது. 1968 செப்டம்பரில் முதலமைச்சர் அண்ணா சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றபோது, நாடு அறிந்தே வழியனுப்பியது. நியூயார்க்கில் உணவுக்குழாயில் அறுவை செய்த மருத்துவர் மில்லரின் பெயர் இங்கே சிற்றூர்களிலும் பேசப்பட்டது. நவம்பரில் திரும்பியவரின் மெலிந்த உருவத்தை மக்கள் நேரே கண்டனர். 1969 பிப்ரவரி 3இல் அவர் மறைந்தபோது சென்னையை நிறைத்த மக்கள் வெள்ளத்தில் துயரம் இருந்தது. சூழ்ச்சி நடந்ததோ என்ற ஐயம் இல்லை. விசாரணை ஆணையம் கேட்பாரில்லை.

தந்தை பெரியாரோ ஆட்சியில் அமர்ந்தவரல்லர். எனினும் உடலைப் பற்றி அவர் காட்டிய நேர்மைக்கு ஈடில்லை. முதுமையில் சிறுநீர்க் குழாயோடும் பையோடும் ஊர் ஊராய்ச் சென்றார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் ஆற்றிய இறுதிப் பேருரையின் இடையே வலி தாளாமல் அவர் முனகியது ஒலிபெருக்கியில் கேட்டது. மேடையை விட்டு இறங்கவில்லை. வலியை மறைக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் மறைந்தார். அந்த முனகலைக் கேட்டவர் எவரும் அவரைச் சிறியவராக எண்ணவில்லை. மனிதன் என்று தன்னை ஒப்புக்கொண்டவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

சட்டம் என்ன சொல்லுகிறது?

நல்லவர்கள் நேர்மையாக நடந்தனர், நாமும் அவ்வாறு எதிர்பார்ப்போம் என்று விட்டுவிடுவது குடியாட்சிக்குப் போதாது. குடியாட்சி, மனிதரின் நற்குணத்தை நம்பி இருப்பதன்று. முறையை நம்பி இருப்பது.

அமெரிக்கா பாடம் கற்றது. 1967இல் 25ஆம் சட்டத் திருத்தம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் கடமையாற்ற இயலாதபோது எழுதிக் கொடுத்துத் துணைத் தலைவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். அவரால் எழுதவும் இயலாதபோது துணைத் தலைவரும் அமைச்சர்களில் பெரும்பான்மையோரும் அறிவிக்கலாம். 2021 நவம்பரில் பைடனுக்கு மருத்துவச் சோதனைக்காக மயக்க மருந்து தரப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட கமலா ஹாரிஸ் அந்நாட்டின் பொறுப்பை வகித்தார். வானம் இடிந்து விழவில்லை. மயக்கம் தெளிந்ததும் பொறுப்பு திரும்பியது.

நம் அரசமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு இந்த வழியை வைத்திருக்கிறது. நோயால் அவர் கடமையாற்ற இயலாதபோது துணைத் தலைவர் ஆற்றுவார் என்கிறது 65ஆம் பிரிவு. ஆனால், நாள்தோறும் கோப்பில் முடிவெடுக்கும் முதலமைச்சருக்கு? அத்தகைய பிரிவு இல்லை. 2016இல் அலுவல் பங்கீட்டுக்கான 166ஆம் பிரிவை எடுத்தே ஆளுநர் சமாளித்தார். பெரும்பாலும் அரசின் அறிவுரைப்படி நடப்பவருக்கு விதி இருக்கிறது; அரசை நடத்துபவருக்கு விதி இல்லை!

உடல் ஒருவரின் சொந்த உடைமையன்றோ, அதனைச் சந்தியில் வைக்கலாமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானது, விடையும் எளிது. எல்லாவற்றையும் கேட்கவில்லை. ஆளும் கடமையைத் தொடக்கூடியது எதுவோ அதை மட்டும் கேட்கிறோம். பேருந்து ஓட்டுநர் கண்பார்வைக்குச் சான்று தருகிறார். அவர் சுமப்பது ஐம்பது உயிர். கோடிக்கணக்கான மக்களைச் சுமப்பவரிடம் கேட்டால் மட்டும் அவமதிப்பா? உண்மை தெரிந்தால் அமைதி கெடும் என்பர் வேறு சிலர். 2016இல் அமைதியைக் கெடுத்தது உண்மையா, உண்மையின்மையா?

செய்ய வேண்டியவை மூன்று. முதலமைச்சரோ தலைமை அமைச்சரோ குறித்த நாள்களுக்கு மேல் மருத்துவமனையில் இருந்தால், கட்சியையோ குடும்பத்தையோ சாராத மருத்துவர் குழு பெயர் இட்டு ஒப்பமிட்ட அறிக்கை தரவேண்டும். இயலாமை நேர்ந்தால் பொறுப்பு யாரிடம், எவ்வளவு நாள், யார் சொல்லி என்பதைச் சட்டமே வகுக்க வேண்டும். நினைவு தெளிவாக இருக்கிறது என்ற சார்பற்ற மருத்துவச் சான்று இல்லாமல், நோயாளியின் பெயரால் ஓர் ஆணையும் ஒரு படிவமும் வெளிவரக் கூடாது.

சட்டம் வரலாம், அதற்குமுன் மாற வேண்டியது நம் மனம். தலைவருக்கு நோய் என்றதும் பால்குடம் தூக்க ஓடுகிற கால்கள், மருத்துவ அறிக்கை எங்கே என்று கேட்க ஒருநாள் நிற்கவேண்டும். பால்குடம் தூக்கியவரின் அன்பை நாம் இகழவில்லை. அந்த அன்புக்கு உண்மையைப் பெறும் தகுதி உண்டு என்றுதான் கூறுகிறோம். தம் வாக்கால் ஒருவரை ஆட்சியில் அமர்த்திய ஏழை, அவர் உயிரோடு போராடும் நாளில் கோட்டைக்கு வெளியே நிறுத்தப்படும் அயலான் அல்லன். அவனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது அரசு. கேட்காதவரை அது சொல்லாது.